வெறும் தூக்குவாளி

தம்பி,

பஸ் நல்லபடியாக வந்து சேர்ந்தது. சன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வீட்டில் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, முருங்கை மரத்தில் மட்டும் காற்றுக்கு இரண்டு கிளை ஒடிந்து கிடந்தது. போனில் நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். நீ கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதை என்னால் போனில் சொல்ல முடியாது. போன் என்றால் நான் அதட்டத்தான் செய்வேன், நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். இரண்டு பேருக்கும் அது பழகிப்போய்விட்டது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். சாமான் லிஸ்டைத் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லாத கை இது, கோணல்மாணலாகத்தான் இருக்கும். கயல் பள்ளிக்கூடம் போன பிறகு நிதானமாக உட்கார்ந்து படி.

சித்திரையில் மருமகள் செல்வி நர்ஸ் வேலைக்கு வெளிநாடு கிளம்பினாள். இரண்டு வருடம் அங்கே, நீயும் கயலும் இங்கே என்று முடிவு பண்ணியது நீங்கள் இரண்டு பேரும். நல்ல முடிவுதான், நான் குறை சொல்லவில்லை. அவள் போன பத்தாம் நாள் நீ போன் பண்ணி, ஒரு மாதம் வந்து தங்கி உனக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்தெட்டு வருடம் கல்யாணச் சமையல் பார்த்தவன் நான். கண்டனூர், கோட்டையூர், அரியக்குடி என்று சுற்றுவட்டாரத்தில் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற எந்தப் பெரிய வீடு கல்யாணத்துக்குத் திறந்தாலும் என்னைத் தேடி ஆள் வரும். அத்தனை வருடத்தில் நீ ஒரு நாள்கூட என் அடுப்புப் பக்கம் வந்து நின்றதில்லை. இப்போது கூப்பிடுகிறாய் என்றதும் என் பெரிய கரண்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உன் வீட்டு அடுப்பு மேடையில் அதை வைத்தபோது, கரண்டியா இல்லை படகுத் துடுப்பா என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா?

முதல் நாள் சாம்பார் வைத்தேன். மூன்று பேருக்கு என்று நீ சொல்லித்தான் ஆபீசுக்குப் போனாய். ஐந்நூறு பேருக்கு எத்தனை படி பருப்பு, எத்தனை வீசை புளி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். மூன்று பேருக்கு என்று நினைத்ததும் கை என் பேச்சைக் கேட்கவில்லை. அள்ளியது போதாதோ என்று இன்னொரு கை, அதுவும் போதாதோ என்று இன்னும் ஒரு கை. உன் குக்கர் கொள்ளாமல் பக்கத்து வீட்டில் பாத்திரம் இரவல் வாங்கினேன். அன்றைக்கு வாட்ச்மேன் சாப்பிட்டார், கீழே இஸ்திரி போடுகிறவர் சாப்பிட்டார், எதிர்வீட்டுக்காரர் இரண்டு வேளைக்கு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் குறைப்பேன் என்றேன், குறையவில்லை. மூன்றாம் நாள் கயல் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "ஐயா, நம்ம வீட்ல யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குச் சுருக்கென்று இருந்தது. அறுபத்தெட்டு வயதாகிறது, என் ஒரு வயிற்றுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டதைத் தவிர, சொந்த வீட்டுக்கு என்று ஒரு நாள்கூட நான் உலை வைத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் வழி காட்டியது கயலுடைய பால் டம்ளர்தான். அந்தச் சின்ன எவர்சில்வர் டம்ளரால் ஒன்று அரிசி, அரை பருப்பு என்று அளந்து பார்த்தேன். சரியாக வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு அதுதான் படி. நீயும் ஆபீஸ் போகும் முன் பக்கத்தில் நின்று வெங்காயம் உரிக்கக் கற்றுக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை பருப்பை வேகவைத்து மூன்று டப்பாவில் பிரித்து வைத்தோம். திங்கட்கிழமை ஒரு டப்பாவை எடுத்துக் கீரையைப் போட்டால் கூட்டு, புதன்கிழமை ஒரு டப்பாவில் தக்காளியும் முருங்கைக்காயும் போட்டால் குழம்பு. காலையில் கயலை பஸ் ஏற்றிவிட நான் லிப்டில் போகமாட்டேன் என்று அடம்பிடித்ததால் அவளும் என்னோடு நாலு மாடியும் படியில் இறங்கினாள். அந்தப் பெட்டிக்குள் நிற்க எனக்குப் பயம், அவ்வளவுதான் விஷயம். அதை உடற்பயிற்சி என்று நீ உன் சிநேகிதரிடம் பெருமையாகச் சொன்னாய். நானும் மறுக்கவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த நாலாவது வாரத்தில்தான், அடுப்பு பற்றவைக்கிற லைட்டரைத் தேடி உன் சமையலறை இழுப்பறையைத் திறந்தேன். மேலே ஹோட்டல் சாஸ் பாக்கெட்டுகள், பிளாஸ்டிக் கரண்டிகள், அதற்கடியில் ரத்தம் பரிசோதித்த கவர். இங்கிலீஷ் எனக்கு அரைகுறைதான். ஆனால் அந்தக் காகிதம் எனக்குப் புதிதில்லை. உன் அம்மாவுக்கு வந்த காகிதமும் இதே மாதிரிதான் இருக்கும், எந்த வரிக்கு நேரே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் நீ வந்ததும் கேட்டேன். நீ கவரை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னாய்: "சர்க்கரை எல்லைக்கோட்டுலதான்பா இருக்கு. மாத்திரை வேண்டாம், சாப்பாட்டப் பாத்துக்கங்க, நடங்கன்னுதான் டாக்டர் சொன்னாரு. செல்விகிட்ட மட்டும் சொல்லிராதீக. அங்க ஒத்தையில இருக்கா, கெடந்து தவிப்பா." நான் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. ஊருக்கு வந்த இந்த ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்கு எட்டு வயது, ஒன்பது வயது இருக்கும்போது நம் வீடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். முகூர்த்த மாதங்களில் நான் வேலைக்குப் போய்விடுவேன். அதே மாதங்களில்தான் உன் அம்மாவுக்கும் ஜாக்கெட் தைத்து மாளாது. கல்யாணத்துக்குப் போகிற அத்தனை பெண்களும் அவளிடம்தான் துணியைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். தையல் மிஷினை விட்டு எழுந்திருக்க அவளுக்கு நேரம் இருக்காது. சாயங்காலம் நாலு மணிக்கு என் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் நீ தெருமுனைக்கு ஓடிவருவாய். ஹேண்டில்பாரில் தூக்குவாளி தொங்கும். மூடியில் உன் அம்மாவின் பெயர் வெட்டிய, அவள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் வாளி. நீ அங்கேயே திறந்துவிடுவாய். ஒரு நாள் கந்தரப்பம், ஒரு நாள் பால் பணியாரம், ஒரு நாள் நெய்யும் சர்க்கரையும் போட்டுக் கிளறிய கவுனி அரிசி. அதோடு மசாலா சீயம், உருளைக்கிழங்கு வறுவல், எண்ணெய் மிதக்கிற கத்திரிக்காய்க் குழம்பு. நீ வாய் நிறைய வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாயே, அந்த முகத்துக்காகவே நான் அன்றைக்கு முழுக்க அனலில் நின்றிருப்பேன். இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கிறது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறாயா? நான் அதில் ஒரு வாய்கூடச் சாப்பிடமாட்டேன். காலையிலிருந்து அந்த வாசனையிலேயே நிற்கிறவனுக்குப் பசி செத்துப்போகும். வந்து கை கால் கழுவிவிட்டு, உன் அம்மாவிடம் மோர்ச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் கேட்பேன். எந்தச் சமையல்காரனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். கண்டனூரில் ஒரு பெரிய வீட்டு ஆச்சி, சொந்தப் பேரன் கல்யாணத்தில், இலை போட்ட பந்திக்கு வராமல் உள்கட்டில் உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் சமையலில் என்ன குறை என்று ரோஷத்தோடு போய்க் கேட்டேன். குறை ஒன்றும் இல்லை, இது மூன்று நாள் சாப்பாடு, நாலாம் நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுவோம், அப்புறம் வருடம் முழுக்க எங்களுக்குக் கஞ்சியும் துவையலும்தான் என்றார்கள். அன்றைக்கு அந்த அம்மாளின் கருமித்தனம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஊரில் இருக்கிற அத்தனை வீட்டு மூன்று நாள் சாப்பாடும் என் ஒரு வீட்டுக்குத்தான் வருகிறது, அதை உங்கள் இரண்டு பேருக்கும் வாரத்துக்கு நாலு நாள் ஊட்டுகிறேன் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது. மார்கழியிலும் கிடையாது. அந்த இரண்டு மாதமும் வாளி ஆணியில் தொங்கும், உன் அம்மா சமைப்பாள். முருங்கைக்கீரையைத் துவட்டி வைப்பாள், கேப்பைக் கூழ் கரைப்பாள், தட்டைப்பயறு போட்டுத் தண்ணியாக ஒரு குழம்பு வைப்பாள், அயிரை மீன் வந்தால் அது ஒரு நாள். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு மிஷினுக்குப் போய்விடுவாள். ஆடியில் உனக்கு வயிற்றுவலி வராது. தெருவில் பிள்ளைகளோடு மற்ற மாதத்தைவிட வேகமாக ஓடுவாய். இதை அவள்தான் கவனித்து என்னிடம் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதை நான் பந்தியில் வைத்தால் இலையோடு எழுந்து போய்விடுவார்கள் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அதற்கடுத்த ஆடியில் எனக்காக எண்ணெயை இரண்டு கரண்டி கூட ஊற்றினாள். எனக்கு அது வெற்றியாகத் தெரிந்தது.

நீ காலேஜுக்குப் போன வருடம் அவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டர் இனிப்பைக் குறைக்கச் சொன்னார், தினம் நடக்கச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, என் கையில் குறை சொன்ன மாதிரி. வாளியில் கொண்டுவருவதை நிறுத்தவில்லை, கொஞ்சம் தின்றால் ஒன்றும் ஆகாது என்பேன். அவளும் தின்றாள். ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள், "வேண்டாம்னா உங்க மூஞ்சி சுண்டிப்போகுது, அதப் பாக்க முடியல" என்று. நடக்கிறதற்கு என்னைக் கூட வரச் சொன்னாள், ஊருணிக்கரை வரைக்கும், சாயங்காலம் அரை மணி நேரம். பெண்டாட்டியோடு வேலை வெட்டி இல்லாதவன் மாதிரித் தெருவில் நடக்க எனக்கு வெட்கம். மாட்டேன் என்றேன். அவள் தனியாகப் போனாள்.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் தூக்குவாளியோடு தெருவில் வந்துகொண்டிருந்தாள். பால் வாங்கி வருகிறாள், டீ போடச் சொல்லலாம் என்று கையிலிருந்து வாங்கித் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, துடைத்துக் காய்ந்த வாளி. என்ன இது என்றேன். "சும்மா நடந்து போனா வாசலுக்கு வாசல் எங்குட்டு போறீக, எங்குட்டு போறீகன்னு கேக்குறாக. நோய்னு சொல்லவும் பிடிக்கல. கையில வாளி இருந்தா பாலுக்குப் போறாகன்னு விட்டுடுறாக" என்றாள். சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்தாள். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. மறுநாள் அரியக்குடியில் வேலை. அங்கே காய் நறுக்குகிற இடத்தில் பத்துப் பேர் நடுவில் இதைச் சொன்னேன், அவள் வாளியை ஆட்டிக்கொண்டு நடப்பது போல நடித்துக்கூடக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நாலு நாளில் கதை நம் தெருவுக்கு வந்துவிட்டது. யாரோ ஒருத்தி வாசலில் நின்று, இன்றைக்கு வாளியில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். அன்றோடு உன் அம்மா நடப்பதை விட்டுவிட்டாள். வாளியைக் கழுவி ஆணியில் மாட்டினாள். நான் மறுபடி அதை நிரப்பிக் கொண்டுவந்தேன்.

அவள் காலில் புண் வந்த வைகாசி உனக்கு நினைவிருக்கும். உனக்கும் எனக்கும் அவள் அதை மூன்று வாரம் சொல்லவில்லை. மிஷின் மிதிக்கிற கால், சேலையை இழுத்து மூடிக்கொண்டே தைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நான் திட்டினேன், ஏன் மறைத்தாய் என்று. "உங்களுக்குக் கண்டனூர் வேலை இருந்துச்சு, தம்பிக்குப் பரீட்சை இருந்துச்சு. முடியட்டும்னு இருந்தேன்" என்றாள். அடுத்த தைக்கு அவள் இல்லை. நீ அன்றைக்கு என் தோளில் சாய்ந்து, அம்மா நம்மகிட்ட ஏம்ப்பா சொல்லல என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். எனக்குப் பதில் தெரியும். அவள் தன் உடம்பைப் பற்றிச் சொன்ன ஒன்றை நான் பத்துப் பேருக்குச் சிரிப்புக் காட்டினேன். அப்புறம் எப்படிச் சொல்வாள்? இத்தனை வருடம் இதை உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது நீ அதே மாதிரி, அவள் தவிப்பாள், சொல்ல வேண்டாம் என்கிறாய். அம்மாவின் வாயிலிருந்து கேட்ட மாதிரியே இருந்தது. செல்வி நர்ஸ். உன் அம்மாவுக்குக் கிடைக்காத துணை உனக்கு இருக்கிறது, அதைப் போய் ஒளித்து வைக்கிறாய். இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போன் பண்ணும்போது சொல்லிவிடு. அழுவாள், திட்டுவாள், அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று என்னைவிட நன்றாகச் சொல்வாள். திங்கட்கிழமை நான் அவளைக் கூப்பிடுவேன். நீ சொல்லாமல் இருந்தால் நான் சொல்வேன். கொடுத்த வாக்கை மீறுகிறேன் என்று நீ கோபப்பட்டால் பட்டுக்கொள். நீ என்னிடம் ஆறு மாதம் பேசாமல் இருந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றிரண்டு. உன் போனில் எட்டு மணிக்குக் கூப்பிட்டு வரவழைக்கிற டப்பாவும் என் வாளியும் ஒன்றுதான், இரண்டும் நேரமில்லாத வீட்டுக்கு வருகிற கல்யாணச் சாப்பாடு. அடியோடு விடு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மாதத்துக்கு ஒரு நாள் கயலுக்குப் பிடித்ததை வரவழைத்து இரண்டு பேரும் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். மற்ற நாளுக்கு அவள் டம்ளர் இருக்கிறது. இப்போது நீங்கள் இரண்டு பேர்தான், அரிசியை டம்ளரில் ஒரு விரல் குறைத்து அள, காயைக் குறைக்காதே. சோறு வேகிற நேரத்தில் ஒரு காய் துவட்டிவிடலாம். கை ஒழியாத அன்றைக்கு முட்டையை அவித்து, பயறை ஊறவைத்துத் தாளித்து, மோரைக் கரைத்துவிடு. அதுவும் சாப்பாடுதான். நன்றாக இல்லை என்று கயல் சொன்னால் சொல்லட்டும், உன் முகம் சுண்டக் கூடாது. டாக்டரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போ, கவரை இழுப்பறையில் போடாமல் ப்ரிட்ஜ் மேல் ஒட்டு.

நான் ஊருக்கு வந்த மறுநாளிலிருந்து சாயங்காலம் ஊருணிக்கரைக்கு நடக்கிறேன். முதல் நாள் மூன்றாவது வீட்டு வாசலில், "எங்குட்டு கிளம்பிட்டீக?" என்று கேட்டார்கள். பாலுக்கு என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கையில் வாளிகூட இல்லை. கரையில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். மறுநாள் அதே வாசலில், சும்மா நடக்கிறேன் என்றேன். சரி, போயிட்டு வாங்க என்றார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு உன் அம்மாவோடு நான் போயிருந்தால் இதே பதிலை இரண்டு பேருமாகச் சொல்லியிருக்கலாம்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். கயலைப் பிரிக்கச் சொல். மூடியில் அவள் அப்பத்தாவின் பெயர் வெட்டியிருக்கும், எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். திறந்து பார்த்துவிட்டு, ஐயா ஒன்றுமே அனுப்பவில்லையே என்று முகத்தைத் தூக்கிக்கொள்வாள். முப்பது வருடத்தில் இந்த வாளியை நான் வெறுமையாக உன் கையில் சேர்ப்பது இதுதான் முதல் தடவை. சாயங்காலம் அதை அவள் கையில் கொடுத்து, படியில் இறங்கி, இரண்டு பேரும் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். யாராவது எங்கே என்று கேட்டால், அம்மா நடந்த நடை, பாதியில் நிற்கிறது, முடிக்கப் போகிறோம் என்று சொல்.

உன்
அப்பா